வெள்ளைத் தூளில் இல்லாத தடம்

"இந்தத் தாள்ல கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான் கெவ்."

"ஏழாம் பாதைச் சந்திப்புல கூரை ரெண்டே மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்குன்னு மூணு நாளா எழுதியிருக்க. நேர்ல போய்ப் பாத்தியா?"

"டெபுடி பாத்துட்டு வந்து சொன்னாரு. நான் எழுதினேன்."

"பறந்து போய்ப் பாத்தானாக்கும்! அங்க சுண்ணாம்புத் தூள் போட்டு நாலு நாளாச்சு. ஒரு எலிக்கால் தடம்கூட இல்ல பொண்ணு."

ஆஸ்திரேலியாவில் செஸ்நாக் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் பிரான்வின் பொறியாளராகச் சேர்ந்த இரண்டாம் மாதம், சாப்பாட்டு அறையில் நடந்த பேச்சு இது. கெவ் பாஸ்கோ இருபத்தாறு வருடமாகக் கூரைக்கு போல்ட் அடிப்பவர். துளையில் பசைக் குழாயைச் செருகி, நீளக் கம்பியை முறுக்கி ஏற்றி, பாறை அடுக்குகளைத் தைக்கும் வேலை. ஒவ்வொரு பசைப் பெட்டியிலும் தேதி பார்ப்பார். வீட்டில் பாலை முகர்ந்துதான் தேநீரில் ஊற்றுவார். கல்யாணத்தன்றுகூட தேவாலயக் கூரையைப் பார்த்தபடியே நின்றாராம்; அவர் மனைவி நொலீன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பிரான்வினுக்கு அவர் மேலேயே சந்தேகம். ஷிப்டின் பாதுகாப்பைப் பார்க்கும் மேற்பார்வையாளரான டெபுடிக்கும் அவருக்கும் ரக்பி கிளப் சண்டையிலிருந்து பேச்சில்லை. இவரே தூளைத் தூவித் தடத்தை மறைத்திருந்தால்? ஆனால் மதிய ஷிப்டில் ஆறு பேர் இயந்திரத்தோடு அந்தக் கூரைக்கு அடியில் போக வேண்டும். போகலாம் என்று சொல்வது அவள் கையெழுத்துதான்.

விளக்கை மாட்டிக்கொண்டு போனாள். சந்திப்பின் ஓரத்தில் ஒரு ஆள் அகலத்துக்கு கெவ்வின் பூட்ஸ் தடம் மட்டும் வந்து, நின்று, திரும்பியிருந்தது. அதற்கு அப்பால், நிலக்கரித் தூசி தீப்பிடிக்காமலிருக்கத் தூவிய தூள் மாவு சலித்ததுபோல் கிடந்தது. கூரையில் தொங்கிய அளவுகாட்டியை ஓரத்திலிருந்தே விளக்கடித்துப் பார்த்தாள். கூரை இறங்க இறங்க அதன் வண்ண வளையங்கள் ஒவ்வொன்றாகத் துளைக்குள் மறையும். பச்சை முழுதாக மறைந்திருந்தது. மஞ்சளிலும் பாதி இல்லை. அந்தப் பாதியும் சிவப்பும்தான் மிச்சம்; கூரை இறங்கியது இரண்டு மில்லிமீட்டரைவிடப் பல மடங்கு.

மேலே வந்து தன் கையெழுத்தைத் தானே அடித்தாள். யாரும் போகாதபடி பாதையின் குறுக்கே சங்கிலி கட்டினார்கள். எட்டு மீட்டர் கம்பி வடங்களைக் கூரைப் பாறைக்குள் ஏற்ற கெவ்வின் ஆட்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. டெபுடி அவளைக் கண்டால், "வந்துட்டா பாஸ்கோவோட உளவாளி" என்பார். கெவ்வும் பாராட்டவில்லை.

"தனியாவா போன? சாட்சி இல்லாம போனா உன்ன எவன் நம்புவான்?" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் அளவுகாட்டிகளைப் பார்க்கும் வேலை கெவ்விடமே வந்தது. முதல் வாரத் தாளை அவள் முன் வைத்தார். அவர் எழுதியதாயிற்றே என்று பிரான்வின் பேனாவை எடுத்தாள். கெவ் தாளின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"பச்ச சட்டைய எடுத்துட்டு வான்னா நொலீன். மஞ்சளக் கொண்டுபோய்க் குடுத்தேன். என் கண்ணு மேல எனக்கு நம்பிக்க போயிடுச்சு. டாக்டர்கிட்ட தேதி வாங்கியிருக்கேன்." குரலைத் தாழ்த்தினார். "அதுவரைக்கும் நான் எழுதுனத நம்பாத பொண்ணு. ஒவ்வொண்ணையும் நீ போய்ப் பாத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடு."