ஆற்றுப் பாலத்தில் பாஸ்போர்ட்

வேனை ஓட்டிய மச்சான், என் மனைவி, நான், தெருமுனை மீன்கடைக்காரர். 2009இல் பிரிட்டனில் நாங்கள் இருந்த பிளேஸ்டோவிலிருந்து பிரெஞ்சு எல்லை நகரமான ஸ்ட்ராஸ்பூர்க் பார்க்கப் போனோம். கடைக்காரருக்கு நரைத்த மீசை. வழி முழுக்கச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு வந்தார். உள்ளே பிரிட்டிஷ் பாஸ்போர்ட்.

அந்த ஊரில் தெருப்பெயர்களே இரண்டு மொழியில் இருந்தன. அவர் எதையும் பார்க்கவில்லை. எங்களை நேரே ஆற்றுப் பாலத்துக்குக் கூட்டிப்போனார். அக்கரை ஜெர்மனி.

"என்ர தம்பி அங்கால ஆஸ்பத்திரியில கிடந்து செத்தவன். நான் அப்ப இந்த ஊரில அகதி. விசா இல்லாமல் பாலம் தாண்ட ஏலாது எண்டிட்டாங்கள்."

பாஸ்போர்ட்டை விரித்துப் பிடித்தபடி நடந்தார். பாலத்தில் காவலர் ஒருவரும் இல்லை.

"ஆருக்குக் காட்டுறியள் அண்ணை? இப்ப ஒருத்தரும் கேக்கிறேல்லை" என்று மச்சான் சிரித்தான்.

"கேட்டால் காட்டத்தானே இதை எடுத்தனான்" என்றார்.

அக்கரைக்கு நடக்க எங்களுக்கு நான்கு நிமிடம்.