சட்டைப்பையில் கிடந்த சிப்

மிஷின் ரிப்பேர் பார்க்கும் மைக்கேல்ராஜுக்குப் போன் வந்தால் அது தேயிலை ஃபேக்டரியிலிருந்துதான். வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருசம். மகன் மெல்பர்னில்; கிறிஸ்மஸுக்கு ஒரு மெசேஜ், அவ்வளவுதான். தானா ராத்தா டவுனில் சாப்பாட்டுக்கடை மாடியில் ஒற்றை அறை. மனுசன் சுவரோடு எவ்வளவு நேரம் பேசுவார்?

ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கும் அடுப்பின் சூட்டைக் கவனிப்பது ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். அதன் மெமரிச் சிப்புகளில் எட்டு எட்டாக வைக்கும் பிட்டுகளுக்கு, கணக்குச் சரிபார்க்க ஒன்பதாவதாக ஒன்று காவல் நிற்கும். எண்ணிக்கை பிசகினால் ‘பாரிட்டி எரர்’ என்று எழுதிவிட்டு மிஷின் அப்படியே நின்றுவிடும். பொய் சொல்லத் தெரியாத ரகம்.

“அங்கிள், மிஷின் மறுபடி படுத்துக்கிச்சு, வாங்க லா” என்பாள் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஷாரன். இவர் போய்ச் சிப்புகளைக் கழற்றி, தூசி ஏறிய முனைகளை அழிரப்பரால் தேய்த்து மாட்டுவார். ஓடும். தேத்தண்ணி வரும். ஷாரன் தன் மகளைப் பற்றி அரைமணி பேசுவாள். அந்த அரைமணிக்காகத்தான் வாரம் பூரா காத்துக்கிடப்பார்.

எந்தச் சிப் பழுது என்று ஆறு மாசமாகவே அவருக்குத் தெரியும். ஈப்போவில் தேடி வாங்கிய மாற்றுச் சிப் சட்டைப்பையிலேயே கிடந்தது. மாட்டினால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? அட, பாவி மனுசா!

போன ஞாயிறு கோயிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுனில் ஷாரனின் மகள் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அப்பா இருந்தார், அம்மா இல்லை. பூசை முடிந்து மைக்கேல்ராஜ் போனைத் திறந்தார். ஷாரன் ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தாள்.

உடனே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலையேறினார். அடுப்போரம் ஸ்டூல் போட்டு, பத்து நிமிசத்துக்கு ஒருதரம் சூட்டைக் கையால் எழுதிக்கொண்டிருந்தாள் ஷாரன். கோயிலுக்கென்று கட்டிய பட்டுச்சேலைமேல் ஃபேக்டரி ஏப்ரன்.

“விட்டுட்டு வர முடியல அங்கிள். மிஷினுக்கு வயசாச்சு, என்ன செய்ய?” என்றாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அவர் பையிலிருந்ததை எடுத்து மாட்டினார். “ஆறு மாசமா இது எங்கிட்டதாம்மா இருந்துச்சு.”

“மறந்திருப்பீங்க, விடுங்க.”

அவர் குனிந்து ஸ்விட்சைப் போட்டார். மிஷின் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது.

“அப்பாடா! இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டோம் லா அங்கிள்!” என்று சிரித்தபடி தேத்தண்ணியை நீட்டினாள் ஷாரன்.

“சந்தோசம்மா” என்றார். அன்றைக்கு அந்தத் தேத்தண்ணியை ரொம்ப மெதுவாகக் குடித்தார்.