அக்கா வீட்டு நீலக் குழாய்

ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். அவற்றில் ஒன்று காய்மகாரம். பொறாமைக்கு மாதா கோயில் பாஷையில் அதுதான் பெயர். மற்ற ஆறும் என்னிடம் அளவோடுதான் இருக்கின்றன. காய்மகாரம் மட்டும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு குடியிருக்கிறது.

அவள் என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுகிறேன். பாகம் பிரித்தபோது அவர்களுக்கு மடையடி நிலம், எங்களுக்குக் கடைமடை. ஆற்றில் தண்ணீர் திறந்தால் முதலில் அவள் வயல்தான் நனையும். அவள் ஊற்றும் இட்லிகூட என்னுடையதைவிட மிருதுவாக இருக்கும். இதையெல்லாம் இருபத்தைந்து வருடம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது அந்த நீலக் குழாய் வந்தபிறகுதான்.

எங்கள் ஊருக்கு மேற்கே இருந்த ஒரு ரசாயன ஆலையின் கழிவு, வருடக்கணக்கில் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிட்டது. ஆலையை மூடிய பிறகும் தண்ணீர் திருந்தவில்லை. காய்ச்சினால் போகாது, வடிகட்டினால் போகாது. தொண்டையில் ஒரு மருந்து வாடை நிற்கும். ஊர்க்காரர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். தீர்ப்பாயம் வீடு வீடாக மாதிரி எடுக்கச் சொன்னது. வரம்புக்கு மேல் நஞ்சு இருக்கும் வீடுகளுக்கெல்லாம் ஆலைக்காரர் செலவில் வெளியூரிலிருந்து குழாய்த் தண்ணீர் தரவேண்டும் என்பது உத்தரவு.

மாதிரி எடுக்க வந்தது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் மயிலாடுதுறைப் பக்கமிருந்து என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் போடும் காபியில் வாடை வரக்கூடாது என்று குடவாசலிலிருந்து ஒரு லாரித் தண்ணீர் வரவழைத்து மாடித் தொட்டியில் நிரப்பி வைத்திருந்தேன். 'அந்த வீட்டுத் தண்ணியில விஷமாம்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், வந்த சம்பந்தம் வாசலோடு திரும்பிவிடும். இதே காரணத்துக்காக எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குத் தட்டிப்போனதைப் பார்த்தவள் நான்.

அதிகாரிகள் முதலில் அக்கா வீட்டு அடிபம்பில் பிடித்தார்கள். "நல்லா மோந்து பாருங்க சார், இதைத்தான் நாங்க குடிக்கறோம்" என்று அவள் வாய்க்கால் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். மானமே இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வழிகாட்ட அவளும் கூட வர, சிமென்ட் பாலத்தைத் தாண்டி என் வீட்டுக்கு வந்தார்கள். நான் முற்றத்துக் குழாயைத் திறந்துவிட்டேன்.

"இது போர் தண்ணிதானேம்மா?"

"ஆமா சார். எங்க வீட்டுத் தண்ணி நல்ல தண்ணி."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கல்யாணம் முடிவானது, நன்றாகவும் நடந்தது. அதன் பிறகு ஆய்வறிக்கை வந்தது. அவள் வீடு வரம்புக்கு மேல், என் வீடு வரம்புக்குள். சில மாதங்களில் அவள் வாசலில் நீல நிறத்தில் ஒரு குழாய் முளைத்தது. காலையில் அவள் அதைத் திறக்கும் சத்தம் என் அடுப்படி வரை கேட்கும். அவள் அதில் குடிப்பது போதாதென்று செம்பருத்திக்கு வேறு ஊற்றினாள்! "ஒரு குடம் எடுத்துக்கிட்டுப் போயேன்டி" என்று தினமும் கூப்பிடுவாள். "கேன் தண்ணி இருக்குக்கா" என்பேன். அவள் கூப்பிடக் கூப்பிட எனக்கு எரியும். கேன் தண்ணீர் குடிக்கத்தான் காணும். குளிக்க, துணி அலச, சோறு களைய எல்லாம் அந்தப் பழைய தண்ணீர்தான்.

மகள் உண்டானாள். வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு அழைத்துவரப் போனேன். காரில் ஏறியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கோவிச்சுக்காத. நான் பெரியம்மா வீட்ல இருந்துக்கறேன். கேன் தண்ணியில எத்தனை நாளைக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டறது? அங்க நல்ல தண்ணி வருது. அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? ஆனாலும் கோபித்துக்கொண்டேன்.

பேத்தி பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போனாள். நான் பத்திய ரசத்தைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, சொந்த மகளைப் பார்க்க விருந்தாளி மாதிரி பாலம் தாண்டிப் போய்வந்தேன். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது அக்கா. துண்டை நீட்டுவது நான். ஒரு வாரம் தாங்கினேன். பிறகு தாலுகா ஆபீசுக்குப் போய், மறுபடி மாதிரி எடுக்கும்படி மனுக் கொடுத்தேன்.

அங்கிருந்த குமாஸ்தா பழைய படிவத்தை எடுத்து என் கையெழுத்தைக் காட்டினார். "நீங்களே போர் தண்ணின்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களேம்மா?"

"பொய் சொல்லிட்டேன் சார். அது லாரித் தண்ணி."

பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கோயிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் சொல்லத் துணியாததை மின்விசிறிக்குக் கீழே நின்று சொன்னேன். குமாஸ்தா பெருமூச்சு விட்டு, "அன்னைக்குக் கூட இருந்தவங்க யாராவது சாட்சிக் கையெழுத்துப் போடணும்" என்றார்.

கூட இருந்தவள் ஒருத்திதான்.

மறுநாள் காலை மனுவை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகளும் குழந்தையும் அறையில் படுத்திருந்தார்கள். நான் அறைவாசல் ஓரமாக உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். எதிரே இருந்தவளைப் பார்க்கவில்லை, கீரையைப் பார்த்துச் சொன்னேன்.

"லாரி வந்ததை முந்தின நாளே பார்த்தேன்டி" என்றாள். "அப்ப நான் வாயைத் திறந்திருந்தா பொண்ணு கல்யாணம் என்னாகியிருக்கும்? எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு."

எனக்கு அழுகை வந்தது. நன்றியில் வந்தது என்று சொன்னால் இன்னொரு பொய்யாகிவிடும். நல்ல வயல், நல்ல தண்ணீர், இப்போது நல்ல மனசும் அவளுக்கே. அவளிடம் ஒரு குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அவள் கையெழுத்தைப் பார்த்தேன். அதுவும் முத்து முத்தாக இருந்தது.

அப்போது அறைக்குள்ளிருந்து மகள் குரல் கொடுத்தாள். "பெரியம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடுங்களேன்."

நான் வாசல் ஓரத்தில்தான் இருந்தேன். அவளுக்கு என் முந்தானை தெரிந்திருக்கும். பாதி எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துகொண்டேன். அக்கா கீரையைத் தள்ளிவைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள்.