விரலுக்குத் தெரிந்த பாஸ்வேர்டு

முதலில் நான் நம்பியதைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் மச்சான் என் கணக்கைத் திருடிவிட்டான் என்று நம்பினேன். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி, சின்னசேலத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். திருடுவதற்கான காரணத்தையும் நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவன் கல்யாணத்துக்கு நான்தான் போட்டோ எடுத்தேன். தாலி கட்டுகிற படத்தில் அவனுக்கு நெற்றிக்கு மேல் தலை இல்லை. அவன் மாமனார் வீட்டு ஆட்கள் தலையெல்லாம் பளிச்சென்று இருந்தது. அந்தக் கோபத்தை ஆறு வருஷம் அடைகாத்து இப்போது தீர்த்துக்கொண்டான் என்று அரை மணி நேரம் முழு மனதோடு நம்பினேன்.

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் ரோட்டில் என் ஸ்டுடியோ இருக்கிறது. படம் எடுப்பது, கல்யாணப் பத்திரிகை அடிப்பது, நோட்டீஸ் அடிப்பது எல்லாம் ஒரே அறையில், ஒரே கம்ப்யூட்டரில். அதில் வைரஸ் புகுந்துவிட்டது. மச்சான் வந்து உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு ஓ.எஸ்.ஸைப் புதிதாக ஏற்றினான்.

"டேய், படமெல்லாம் பூடுச்சாடா?"

"நீங்கதான் எல்லாத்தையும் கிளவுட்ல ஏத்தி வெச்சிருக்கீங்களே மாமா. மெயில் ஐடி போட்டுட்டேன். பாஸ்வேர்ட மட்டும் நீங்க அடிச்சிக்குங்க," என்று சொல்லிக்கொண்டே பைக்கை உதைத்தான்.

மறுநாள் மதியம், வெள்ளிமலையைத் தாண்டி ஓர் ஊரிலிருந்து ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் தங்கை கல்யாணத்துக்கு நான் மலைக்குப் போயிருந்தேன். அம்மா தவறிவிட்டாராம். விடிந்தால் கருமாதி. வைத்துக் கும்பிடப் படம் வேண்டும்.

"வூட்ல போட்டோ ஒண்ணும் இல்லீங்களா?"

"ஆதார்ல கீது சார். அத்த பெருசு பண்ணி எங்கப்பாகிட்ட காட்டினேன். இது யாருடான்னு கேக்கறாரு."

"கல்யாண ஆல்பத்துல?"

"அதுல எங்கம்மா முதுவக் காட்டிக்கினு நிக்குது. கேமராவக் கண்டாலே திரும்பிக்கும்."

எனக்கு ஒரு படம் ஞாபகம் வந்தது. கல்யாணத்தன்று, பாறைமேல் காய்ந்துகொண்டிருந்த சாமையை நான் மிதித்துவிட்டேன். அந்த அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்து திட்ட, திட்டும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட, நான் கேமராவை அமுக்கிவிட்டேன். முகம் முழுசாக விழுந்த ஒரே படம். கல்யாணத்தில் சேராது என்று ஆல்பத்தில் வைக்கவில்லை. ஆனால் கிளவுடில் இருந்தது.

"உக்காருங்க. நாலரை பஸ்சுக்குள்ள சட்டம் போட்டே குடுத்துடறேன்," என்றேன். வாய் இருக்கிறதே.

என் பாஸ்வேர்டு தலையில் இல்லை, விரலில் இருக்கிறது. பத்திரிகை அடித்து அடித்துத் தமிழ் விசையெல்லாம் கைக்கு மனப்பாடம். அதனால் கீபோர்டை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, தமிழில் அடிப்பதுபோலவே ஒரு சொல்லை அடிப்பேன். உள்ளே போவது தலைகால் புரியாத ஆங்கில எழுத்துகள். எந்தத் திருடனாலும் பிடிக்க முடியாது என்று எனக்குப் பெருமை. அது என்ன சொல் என்று கேட்காதீர்கள். மனைவிக்குத் தெரிந்தால் வீட்டில் சோறு கிடையாது.

அடித்தேன். பாஸ்வேர்டு தவறு என்றது. மெதுவாக அடித்தேன். தவறு. கையைக் கழுவிக்கொண்டு வந்து அடித்தேன். அதற்கும் தவறுதான். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டியதில் முறுக்குத் தூள் கொட்டியது, கணக்கு திறக்கவில்லை. போனில் அடிக்கலாமென்றால் அதில் என் விரலுக்கு ஒன்றும் தெரியாது. வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், மின்விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன்.

மச்சானைக் கூப்பிட்டேன்.

"டேய், அந்தத் தல விஷயத்த இன்னும் மனசுல வெச்சிக்கினு கீறியா?"

"எந்தத் தல மாமா?"

"தாலி கட்டற போட்டோல, உன் தல."

"அதுல என் தல இல்லியா?" என்றான். அவன் இதுவரை கவனிக்கவேயில்லை. நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். பைக்கில் போய்க்கினு இருக்கேன், அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டான்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டதா என்று கேட்ட இடத்தில் அழுத்தினேன். கணக்கில் இருந்த போன் எண்ணுக்குக் குறியீடு அனுப்பியாயிற்று என்றது. அது ரீசார்ஜ் செய்யாமல் நான் கைவிட்ட பழைய எண். இப்போது யாரிடம் இருக்கிறதோ என்று அதற்கே போன் போட்டேன். ஓர் அம்மா எடுத்தார். பின்னால் பஸ் ஹாரன்.

"அம்மா, உங்க போனுக்கு இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும். அத்த மட்டும் கொஞ்சம் சொல்றீங்களா?"

"இன்னா நம்பர்?"

"ஓ.டி.பி.ம்மா. அது என்னுதுதான், தப்பா உங்களுக்கு வந்துடுச்சி."

"அப்பிடியா ராசா. பேங்குலருந்து பேசறியா?"

"இல்லம்மா, கள்ளக்குறிச்சி ஸ்டுடியோலருந்து."

"புதுசா கீதே. தே பாரு, நான் திருக்கோவிலூர்ல பூ விக்கறவ, ஏமாந்தவ இல்ல. வயசான கொரலா கீது, ஒழைச்சித் துன்னு."

வைத்துவிட்டார். பெஞ்சில் இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று ஊரெல்லாம் ஒட்டிய நோட்டீஸை அடித்துக் கொடுத்தவனே நான்தான். என் தொழில் என் மேலேயே வேலை செய்துவிட்டது.

மறுபடி பாஸ்வேர்டு. பதினோராவது தடவையோடு, சற்று நேரம் கழித்து முயலுங்கள் என்று கதவைச் சாத்திவிட்டது. மணி மூன்றே முக்கால்.

"சார்," என்றார் அவர். "பரவால்ல சார். அந்த ஆதார் போட்டோவையே போட்டுடுங்க. எங்கப்பாவ நான் சமாளிச்சிக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். ஆதாரை வாங்கி ஸ்கேனரில் வைத்தேன். அதில் அந்த அம்மா, யாரோ அதட்டி உட்கார வைத்த மாதிரி இருந்தார். சேமிக்கப் பெயர் கேட்டது. மதர் என்று ஆங்கிலத்தில் போடலாமென்று 'எம்' விசையைத் தட்டினேன். கட்டத்தில் 'ர' என்று வந்தது. 'ஓ' தட்டினேன். 'ட' வந்தது.

திரையின் மூலையைப் பார்த்தேன். தமிழ் என்று இருந்தது. தமிழில் அடிக்கிற மனுஷனுக்கு வசதியாக இருக்கட்டும் என்று மச்சான் கீபோர்டில் தமிழை முதலாவதாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அப்படியானால் பாஸ்வேர்டு கட்டத்தில் விழுந்த புள்ளிகளுக்குப் பின்னால் போனது குழப்பமான ஆங்கில எழுத்து இல்லை. அந்தச் சொல்லேதான், எழுத்துப் பிழை இல்லாமல், தெளிவான தமிழில். முகம் தெரியாத ஒரு கம்பெனியைப் பதினோரு தடவை ஆத்தாளோடு சேர்த்துத் திட்டியிருக்கிறேன். அவர்கள் பதினோரு தடவையும் மரியாதையாக, தவறு என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

ஆங்கிலத்துக்கு மாற்றினேன். இருபது நிமிஷம் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் வாயைத் திறக்காமல் இருந்த இருபது நிமிஷம் அதுதான். அதே விரல்கள், அதே சொல். திறந்தது.

படம் பிரிண்டரிலிருந்து நெற்றி, கண், பல் என்று மெதுவாக இறங்கியது. அவர் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"இன்னா சொல்லித் திட்டிச்சு சார்?"

"கண்ணு பொடனியிலயா கீதுன்னு."

"அதான் சொல்லும்," என்றார். சட்டம் போட்டுக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு நாலரை பஸ்ஸில் மலைக்குப் போனார்.

கணக்கை யாரும் திருடவில்லை. கீபோர்டு தமிழில் இருந்தது.