வரிசை இல்லாத வயல்

சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசையாக நின்றன. வெயிலில் காய்ந்தால் எடை குறையுமே என்று மட்கார்டில் உட்கார்ந்து தவித்தேன். என் லோடு ஏற்றிவந்த டிராக்டர்காரரோ, தலையில் ஈரத்துண்டோடு செல்போனில் டிராக்டர் கேம் ஆடினார். வண்டி நின்றால் அவருக்கு அதுதான் வழக்கம்.

"நாள் பூரா ஓட்டிக்கினுதான கீற, அதுலயும் இன்னாப்பா டிராக்டரு?" என்றேன்.

"இதுல வரிசையே கெடையாதும்மா. அறுத்த ஒடனே எறக்கிடலாம். ஓட்டிப் பாருங்க" என்று போனை நீட்டினார்.

எழுத்துக்கூட்டிப் படிப்பவள்தான், ஆனாலும் திரையில் இருந்த வயலை நூல் பிடித்தாற்போல் உழுதேன். கரும்பு மறந்தே போயிற்று. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வரிசை நகர்ந்திருந்தது.

"இருப்பா, இந்த மூல பாக்கி கீது."

அவர் போனைக் கேட்காமல் மெதுவாக வண்டியை எடுத்தார். அத்தனை பிரியமானதை எப்படித்தான் விட்டுக்கொடுத்தாரோ.