கிணறுகளின் வரைபடம்

எண்பதுகளின் நடுவில் ஒருநாள், ஆனையிறவு இராணுவச் சோதனைச் சாவடியில் கொழும்புக்குப் போகும் பஸ்ஸை விட்டிறங்கி வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்றவர் அவர். முப்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. நிமிடத்துக்கொரு தடவை பையைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இதை உங்கடை பைக்குள்ளை வைப்பியளோ? நரைச்ச தலையெண்டால் அவ்வளவு சோதிக்கமாட்டாங்கள்."

சுருட்டிய கடதாசி ஒன்றைக் காட்டினார். கலாநிதிப் பட்ட ஆய்வுக்காக உடுவில் ஊர்க் கிணறுகளையெல்லாம் குறித்து அவரே கீறிய வரைபடமாம்.

வரைபடத்தோடு பிடிபட்டால் போராளியென்று கொண்டுபோய்விடுவார்கள் என்பது தெரியாதவர் அன்று யாருமில்லை. ஏலாது என்றேன்.

"ஓம், நானெண்டாலும் மாட்டன்" என்றார்.

சிப்பாய் அதை விரித்துப் பார்த்துவிட்டு அவரைக் கொட்டிலுக்குள் கூட்டிப்போனான். நாங்கள் பஸ்ஸில் ஏறிக் காத்திருந்தோம். ஒரு மணித்தியாலம் கழித்து அவர் வந்து என் பக்கத்தில் இருந்தார். சேர்ட் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"அடிச்சவங்களோ?"

"இல்லை. படத்தைப் பறிச்சுப்போட்டாங்கள். இனிச் சேருக்கு என்னத்தைக் காட்டுறது?"

சேர் என்றது அவருடைய ஆய்வு மேற்பார்வையாளரை. அவர் கொழும்புக்கு மாறிப்போய் ஒன்றரை வருடமாம். போட்ட கடிதம் ஒன்றுக்கும் பதில் இல்லையாம்.

"அவர் அங்கையும் இல்லாட்டி?" என்று கேட்டேன்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை" என்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "ஆமிக்காரனெண்டாலும் என்னை இருத்திவைச்சு, ஒரு மணித்தியாலம் என்ரை ஆய்வைப் பற்றிக் கேட்டவன்."

அவர் சிரிக்கவில்லை. நான் சிரிப்பதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.