அவகாசம் வேண்டாம் என்றவள்

காளியம்மையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் எனக்கு நாக்கு எழும்பாது. மட்டாஞ்சேரியில் அடுத்தடுத்த வீடு. நான் போர்ட் கொச்சி லாட்ஜில் கக்கூஸ் கழுவுகிறேன். அவள் கிடங்கில் சுக்கு சலிக்கிறாள். என்ன பெரிய வித்தியாசம்? ஆனால் நேற்று வந்த அவளைச் சாயாக்கடைக்காரர் அக்கா முறை வைத்து 'காளியேச்சி' என்கிறார். இத்தனை வருஷமாக இருக்கிற நான் இன்னும் தமிழ்நாட்டிலிருந்து வந்த 'பாண்டிக்காரி'. வயிறு எரியாதா?

அவள் புருஷன் இசக்கிமுத்து மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். பதினாறு கழிந்ததும் கொழுந்தன் பாலையா வந்து நின்றான். "வீடு எங்கண்ணன் வாங்குனது. ஒனக்கு இங்க என்ன சோலி? மூட்டையக் கட்டு."

வேறொருத்தியானால் அழுதிருப்பாள். இவள் நேரே அதாலத்துக்குப் போனாள். வக்கீல் இல்லாமல் பேசித் தீர்க்கிற கோர்ட்டு அது. மலையாளம் தெரியுமென்று என்னையும் கூப்பிட்டாள். தோற்பதைப் பார்க்கலாமென்றுதான் போனேன், பொய் எதற்கு?

நீதிபதி கேட்டார்: "ஈ வீட்டில் நிங்ஙள்க்கு அவகாசம் வேணோ?"

காலி பண்ண நாள் தருகிறார் என்று நினைத்துவிட்டாள் அந்தப் புத்திசாலி. "ஒரு அவகாசமும் வேண்டாம் சார்" என்றாள், கழுத்தை நிமிர்த்தி. பாலையா பல்லைக் காட்டினான். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. வீட்டை அவளே தூக்கிக் கொடுத்துவிட்டாள். எரிந்த வயிறு கொஞ்சம் குளிர்ந்தது.

ஆனால் அவள் வாய் சும்மா இருக்குமா? மேசையில் ஓங்கி அடித்தாள். "அவகாசம் எதுக்கு? செத்தாலும் அந்த வீட்ட விட்டு எறங்க மாட்டேன்!"

எழுதப்போன நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். உரிமை வேண்டாம் என்கிறவள் வீட்டைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறாளே! என்னைப் பார்த்தார். "தமிழில் அவகாசம் எந்நுவெச்சா எந்தா?"

"சமயம், சாரே" என்றேன். என் வாயாலேயே சொல்ல வைத்தாள், பாவி.

அவர் சிரித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி கேட்டார், பொறுமையாக. வீட்டில் அவளுக்குத்தான் உரிமை என்று பாலையாவுக்கும் எடுத்துச் சொன்னார். அவன் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்ததும் காளியம்மை என்னைக் கட்டிக்கொண்டாள். "யக்கா, நீங்க இல்லன்னா தெருவுல நின்னுருப்பேன்" என்று அழுதாள்.

நானும் அழுதேன், அவளுக்காக அல்ல. என் புருஷன் செத்தபோது இதே கேள்வியை என்னிடமும் கேட்டார்கள். அப்போது எனக்கும் ஊர் புதிது. "வேண்டாம் சார்" என்று மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு இந்த வாடகை வீட்டுக்கு வந்தேன். என்னிடம் யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.